நிழற்குடையில் ஒரு கதவு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: ஒருவர் தலையில் ஒரு கதவைச் சுமந்துகொண்டு தெருவில் போனார். பின்னால் தூக்குவாளியோடு ஒரு பெண். கதவும் சாப்பாடும் சேர்ந்து எங்கே போகின்றன? அதற்குள் நான் இருந்த பேருந்து திரும்பிவிட்டது. மீதி என் கற்பனை.

2

பிச்சையேற்று உண்பதையே விரதமாகக் கொண்ட முதியவர் ஒருவர் தினமும்…

[வேண்டாம். அவர் இப்போது படுத்திருக்கிறார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.]

பேருந்து நிழற்குடையில் காய்ச்சலோடு கிடந்தார் சாமியார். தானே நடந்துபோய் ஒரு வீட்டு வாசலில் நிற்பார்; வாய்திறந்து கேட்கமாட்டார்; கதவு திறந்து இட்டால் உண்பார். படுத்த இடத்துக்கு வருவதைத் தொடமாட்டார். கதவைத் திறப்பது கடவுள் என்பது அவர் நம்பிக்கை. (எனக்கும் அப்படித்தான். ஆனால் காய்ச்சல்காரரிடம் கடவுள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்றும் நம்புகிறேன்.)

பக்கத்துத் தெருத் தச்சரின் மனைவி கஞ்சி கொண்டுபோனாள்.

"ஒரு வாய் குடிங்க சாமி."

"வீட்டுக்கு வரேம்மா."

"உட்காரவே முடியல, எப்படி வருவீங்க?"

"நாளைக்கு வரேன்."

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க! உங்க நாளைக்கு என்னைக்குத்தான் வரும்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. கஞ்சி ஆறிப்போனது.

3

முதல் வரைவில் அவர் அன்றே இறந்துபோனார். அந்த வரியை அடித்துவிட்டேன். அழுவதற்கு உங்களுக்கு வீட்டிலேயே காரணங்கள் இருக்கும்.

"அந்த விரதத்தை விடச் சொல்லேன்," என்றார் தச்சர்.

"அவர்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதாங்க. அதையும் பிடுங்கிட்டா சோறு போடணும்?"

தச்சர் பட்டறைச் சுவரில் சாத்தியிருந்த புதுக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரால வீட்டுக்கு வர முடியாது. சரி, வீடு அங்க போகட்டும்."

"உங்களுக்கும் காய்ச்சலா?"

(இப்படி ஒரு தச்சர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். ஆனால் கதவு போனதைப் பார்த்தேனே.)

4

சாமியாருக்குச் சற்றுத் தள்ளிக் கதவை நிமிர்த்தி, பின்னால் நின்று தோள்கொடுத்துத் தாங்கினார் தச்சர். மனைவியும் பின்னால் நின்றுகொண்டாள். பேருந்துக்கு நின்றவர்கள் சிரித்தார்கள்.

"என்னண்ணே, வீட்டை எங்க விட்டுட்டீங்க?"

"பின்னால வருது தம்பி. இடம் விட்டு நில்லுங்க."

"சாமி, எங்க வீட்டு வாசல் இதுதான்," என்றாள் அவள், உள்ளிருந்து.

துணி சரசரத்தது. ஒரு முனகல். பிறகு சத்தமில்லை.

5

இரண்டாம் வரைவில் அவர் எழுந்தார், உண்டார், தேறினார். படித்துப் பார்த்தேன், என்னாலேயே நம்ப முடியவில்லை. மூன்றாவதில் அவர்…

பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தால் அவள் பார்த்துவிடலாம். வைக்கவில்லை. வீட்டுக்குள் இருப்பவள் சுவர் வழியாகவா பார்ப்பாள்? தச்சரின் தோள் நடுங்குகிறது. கஞ்சியில் இன்னும் ஆவி பறக்கிறது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

"நிக்கிறீங்களா சாமி?"

எழுதுகிற நானும் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். நீங்கள் தெருவில் இருக்கிறீர்கள். அவர் எழ முயன்றால் ஒரு கை கொடுங்கள். நின்றுவிட்டாரென்றால், அவர் கேட்கமாட்டார். நீங்கள் கதவைத் தட்டுங்கள்.