ரம்பம் தின்ற உயரம்

ஓய்வுபெற்ற குமாஸ்தா தன் புது மேஜை ரம்பத்தில் முதல் பலகையை அறுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய மனைவி மூன்று மில்லிமீட்டர் குட்டையானாள். வலி ஒன்றும் இல்லை. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள், அளவு பழகிய கண், அதனால் உடுப்பின் விளிம்பு கணுக்காலில் உரசும் இடம் மாறியதை உடனே கவனித்துவிட்டாள். ஆறு பலகை முடிந்து ரம்பம் ஓய்ந்தபோது சுவரில் நின்று டேப்பால் அளந்து பார்த்தாள். பதினெட்டு மில்லிமீட்டர் போயிருந்தது. கத்திரி துணியை வெட்டும்போது எதையும் தின்பதில்லை. ரம்பம் அப்படியல்ல, தன் பல்லின் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கித் தின்றுவிட்டுத்தான் நகரும். அந்த பிளேடின் அகலம் மூன்று மில்லிமீட்டர். அந்த வீட்டில் மரத்தோடு சேர்த்து அவளையும் தின்றது, அவ்வளவுதான்.

குமாஸ்தா அந்த இயந்திரத்தைப் பின்கட்டுக் கொட்டகையில் நிறுத்திச் சரிசெய்ய அதற்கு முன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டிருந்தார். பலகை சாய்ந்து போகும் பக்கக் கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே முன்னாலும் பின்னாலும் மயிரிழை வித்தியாசம் வராமல் திருகினார். பிளேடு மேஜைக்கு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். பலகைக்கு மேல் ஒரு பல் மட்டும் தெரியும்படி உயரத்தை வைத்தார். முப்பத்தோரு வருஷம் அலுவலகத்தில் அவர் சொல்லை ஒருத்தரும் சட்டை செய்ததில்லை, இந்த இயந்திரம் கேட்டது. மனைவி அவரைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரம். கல்யாணப் போட்டோவில் அவர் இரண்டு செங்கல் மேல் நின்றிருந்தார். "வீட்ல ஏணி வாங்கியாச்சா?" என்று அலுவலகத்தில் கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்வுபெற்றுப் போனார்கள். அதனால் மனைவி விஷயத்தைச் சொன்னதும் அவர் பயப்படவில்லை, கணக்குப் போட்டார்.

"மொத்தம் முப்பத்து மூணு அறுப்பு. நீயும் நானும் ஒரே உயரம். அதோட நிறுத்திடறேன்."

அவளுக்கு அந்த ஏணிப் பேச்செல்லாம் தெரியும். "உங்களுக்குச் சந்தோஷம்னா சரிங்க" என்றாள். முப்பத்து மூன்றாவது அறுப்பன்று இருவரும் கண்ணாடி முன்னால் நின்றார்கள். கையைத் தூக்காமல் முதல்முறையாக அவள் தோளில் கை போட்டார். அந்த வீட்டில் அவள் வாழ்ந்த நாட்களிலேயே நல்ல நாள் அதுதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு ரம்பம் ஓடியது.

மரத்தின் நீளவாக்கில் அறுக்க இருபத்து நாலு பல், குறுக்கே அறுக்க அறுபது பல், ஒட்டுப்பலகையின் ஓரம் சிராய் பெயராமல் இருக்க எண்பது பல் என்று பிளேடு கடைக்காரர் ஒவ்வொன்றாக விற்றார். பல் எத்தனை இருந்தாலும் அகலம் அதே மூன்று. டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, வயதானால் எல்லாருக்கும் குறையும் என்றார். ஒரு வருஷத்தில் அவள் மேஜைக்குச் சற்று மேலே தலை தெரியும் அளவுக்கு வந்துவிட்டாள். தையல் மிஷினின் மிதி காலுக்கு எட்டாமல் போனதும் துணி கொடுப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவள் முக்காலி போட்டு ஏறி, ரம்பத்தை ஓடவிட்டு, கழிவுக் கட்டை ஒன்றைத் தானே அறுத்தாள். தினமும் தன்னை அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. அன்று மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தார். சுவிட்சில் மஞ்சள் சாவி ஒன்று உண்டு, அதை உருவிவிட்டால் இயந்திரம் ஓடாது. அதை உருவிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"சின்னவங்க கை வைக்கக் கூடாதுன்னுதான் கம்பெனிக்காரன் இதையே குடுக்கறான்" என்றார்.

பிறகு அவரே இரக்கப்பட்டு ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பிளேடு வாங்கி வந்தார். அது அதிரும் என்பதால் பலகையை மெதுவாகத் தள்ளவேண்டியிருந்தது. பெண்டாட்டிக்காக இப்படி நேரம் செலவழிக்கிற மனுஷன் உண்டா என்று தெருவே பேசியது. அவள் அளவுக்கு ஒரு நாற்காலியும் செய்தார். பதினாலு அறுப்பு. பசை காய்வதற்குள் அவள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்து, உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கியது.

"இதுலயாவது கால் எட்டுதா?"

"எட்டலைங்க. போதுங்க, விட்டுடுங்க."

"உனக்காகத்தானே பண்றேன்? இன்னொண்ணு சின்னதா பண்ணிடலாம்."

ஒன்பது நாற்காலி செய்தார்.

வெளியூரில் இருந்த மகள் ஆறு மாத கர்ப்பத்தோடு வந்து, அறுபத்திரண்டு சென்டிமீட்டர் அம்மாவைக் கண்டு வாசலிலேயே அலறினாள். அப்பாவோடு பேசவில்லை. அம்மாவைக் கையோடு கூட்டிப்போவேன் என்றாள். அம்மா அன்றே தன் கத்திரியையும் டேப்பையும் மகளின் பையில் வைத்துவிட்டாள். மறுநாள் சாவியைப் பிடுங்கப் போகிறேன் என்று கொட்டகைக்குப் போன மகள், அங்கே புதிதாகச் செய்திருந்த அலமாரியின் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தாள். நகம் நுழைய இடமில்லை. வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள்.

"குழந்தைக்கு ஒரு கட்டில் வேணும்ப்பா. கடையில எல்லாம் கோணலா இருக்கு."

அவர் பென்சில் எடுத்தார். தொண்ணூறு அறுப்பு, பதினாலரை சென்டிமீட்டர். மனைவியை ஏற இறங்கப் பார்த்து, "தாங்கும்" என்றார்.

மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "மெல்லிசு பிளேடே போட்டுக்கோங்கப்பா. அம்மா பாவம்."

அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கம்பிக்கு நடுவுல எவ்வளவு இடம் விடப்போறீங்க? குழந்தை தலை மாட்டிக்கப்போகுது" என்றாள்.

கட்டில் லாரியில் போனது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அவளையும் அதே லாரியில் அனுப்பிவைத்தார். குழந்தை பிறந்தபோது ஐம்பது சென்டிமீட்டர், அவள் நாற்பத்தேழரை. ஒரே கட்டிலில் இருவரும் தாராளமாகப் படுத்தார்கள். அவர் தன் கொட்டகையில் அறுப்பதை நிறுத்தவில்லை, தூரம் ஒன்றும் உதவவில்லை. மாதாமாதம் வரும் நர்ஸ் குழந்தையைத் தூக்கி அளந்து அட்டையில் குறித்து, நன்றாக வளர்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாள். பக்கத்தில் படுத்திருப்பவளை அளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.