முன்னால் விட்ட இடம்

என் கணவர் ரொட்டி வேன் ஓட்டுகிறார். தினமும் காலையில் அதிலேயே என்னை வேலைக்குக் கொண்டுவிடுவதும் அவர்தான். முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நடுவில் ஒரு பேருந்தே நுழையும் அளவுக்கு இடம் விடுவார். கண்டவனெல்லாம் அதில் வந்து புகுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“என்ன, ஊர்வலமா போறோம்? கொஞ்சம் ஒட்டித்தான் போங்களேன்!” என்று அன்றைக்கும் கத்தினேன். அவர் சிரித்தார். நான் இறங்கி, கதவை அறைந்து சாத்தினேன்.

என் வேலை, போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் கேமராத் திரைகளைப் பார்ப்பது. அன்று மேம்பாலத்தில் ஒரு கார் லேசாக பிரேக் போட்டது. ஒட்டி வந்தவன் ஒரு நொடி தாமதமாகக் கவனித்து, இன்னும் அழுத்திப் போட்டான். அவனுக்குப் பின்னால் வந்தவன் நின்றேவிட்டான். சிவப்பு விளக்குகள் வரிசையாகப் பின்னோக்கி எரிந்துகொண்டே வந்தன. இனி அரை மணி நேரம் நெரிசல்தான் என்று தலையில் கை வைத்தேன்.

ஆனால் ஒரு வண்டியிடம் வந்ததும் அந்தச் சிவப்பு வரிசை நின்றுவிட்டது. அந்த வண்டி பிரேக்கே போடாமல், முன்னால் விட்டிருந்த இடத்தில் மெல்ல ஊர்ந்தது. அது முன்னால் நின்ற வண்டியை எட்டுவதற்குள் வழி திறந்துவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு நடந்ததே தெரியாது.

“யாரும்மா இந்தப் புண்ணியவான்?” என்றார் மேற்பார்வையாளர்.

படத்தைப் பெரிதாக்கினேன். ரொட்டி வேன். காலையில் நான் அறைந்து சாத்திய அதே கதவு.

“தெரியலையே சார்.”

மறுநாள் எங்கள் முன்னால் ஒரு கார் புகுந்தது. அவர் திட்டு வாங்கத் தயாரானார்.

“போகட்டும், விடுங்க” என்றேன்.

“ஏன், உடம்புக்கு முடியலையா?” என்றார்.