மாவுச் சாக்குத் திரை

ரொட்டிக் கடை அடுப்பில் வேலை பார்க்கும் அவருக்குத் தெருவே வைத்த பெயர் ஆந்தை. ஊர் உறங்கும்போது மாவு பிசைந்து, ஊர் பல் துலக்கும்போது வீடு திரும்பி, உச்சி வெயிலில் குறட்டை விடுகிறவரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? அவரும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் கோபமெல்லாம் வெளிச்சத்தின் மேல்தான்.

காலி மாவுச் சாக்குகளை இரட்டையாகத் தைத்து, கறுப்புச் சாயம் ஏற்றி, படுக்கையறை ஜன்னலில் இடுக்கு விடாமல் ஆணி அடித்து வைத்திருந்தார். கல்யாணமான புதிதிலேயே மனைவியும் தன் பொழுதை அவருக்காகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவர் படுத்தால் படுப்பாள், எழுந்தால் எழுவாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறையே இல்லை என்று ஆந்தை நினைத்துக்கொண்டார். மடத்தனம்தான்.

சில வருடங்களாக அவளுக்கு ஒரு தொந்தரவு. கண் அசந்தால் போதும், சிறுநீர் முட்டும். அவள் கதவைத் திறக்கும்போதெல்லாம் நடையில் இருந்த கம்பி ஜன்னலின் வெயில் நேராக அவர் முகத்தில் வந்து விழும்.

"மறுபடியுமா? உள்ள என்ன குழாய் ஒழுகுதா உனக்கு?"

"நீங்க தூங்குங்க. வந்துடறேன்."

"போனோமா வந்தோமான்னு இல்லாம, அங்க என்ன இவ்வளவு நேரம்?"

அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பார்த்தாள். நாக்கு வறண்டதுதான் மிச்சம். ஆந்தை தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நடை ஜன்னலுக்கும் சாக்கு அடித்துவிட்டார். "இனிமே எத்தனை தடவை வேணா போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் பெரிய மனதோடு. அவள் சுத்தியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றாள்.

விளக்கைப் போட்டால் அவர் விழித்துக்கொள்வாரே என்று சுவரைத் தடவித் தடவி நடந்தவள், ஒரு நாள் கால் இடறி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"இந்த அளவு விழுந்ததுக்கு எலும்பு உடையக் கூடாதே" என்று டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "வைட்டமின் டி ரொம்பக் குறைவா இருக்கு. வெயில்லயே போறதில்லையா?"

ஆந்தை தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வீட்ல வெயில் வராது டாக்டர்" என்றாள் மனைவி, அவர் பக்கம் திரும்பாமலே. காட்டிக் கொடுத்திருந்தால்கூட அவருக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அடிக்கடி எழுந்திருப்பதையும் அவள்தான் சொன்னாள். சர்க்கரை, கிருமி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "இந்த வைட்டமின் குறைவுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்க. எல்லாருக்கும் கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது. எலும்புக்காவது கட்டாயம் வேணும்."

அன்றே ஆந்தை இரண்டு ஜன்னல்களிலும் ஆணியைப் பிடுங்கினார். கடை முதலாளியிடம் போய்ப் பகல் வேலை கேட்டார். "இதை எப்பவோ கேட்டிருக்கலாமே. ராத்திரிதான் உங்களுக்குப் பிடிக்கும்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார் முதலாளி.

சில மாதங்கள் போயின. மனைவியால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. படி இறங்கித் தெருவுக்குப் போவது இனி நடக்காத காரியம். நடை ஜன்னலருகே நாற்காலி போட்டு, வெயிலில் கை கால் நீட்டி உட்காருவாள். விடுமுறை நாளில் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாத்திரை நல்லா கேக்குது. இப்பல்லாம் ஒரு தடவைதானே எழுந்திரிக்கிறே?"

"மாத்திரையும்தான்" என்றாள். "அப்பவும் பாதி தடவை எனக்கு முட்டிக்கிட்டு வந்ததில்ல."

"பின்ன எதுக்குப் போனே?"

"இந்த ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நிக்கலாம்னுதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்றாள்.