மலை எடுத்துக்கொண்ட காலம்

ஆய்வகக் கணினித் திரையில் நின்ற எண்ணைத் தங்கை திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை.

இதற்கு முன் அந்த ஆய்வகத்தில் எரிமலைப் பாறையை அப்படியே அரைத்துத்தான் கதிரியக்கத்தை அளந்தார்கள். மலைக்கடியில் ஆயிரமாயிரம் ஆண்டுகள் கிடந்த படிகங்களும், கடைசியில் வந்து சேர்ந்த புது எரிகுழம்பும் ஒன்றாக அரைபட்டன. தாத்தாவின் வயதையும் தொட்டில் பிள்ளையின் வயதையும் கூட்டிப் பாதியாக்கி, வீட்டில் எல்லோருக்கும் நடுவயது என்று சொன்ன கதைதான். புதுக் குழம்பு வந்தாலும், வெடிப்பதற்கு முன் இந்த மலை பல நூறாண்டு எடுத்துக்கொள்ளும் என்று அறிக்கை போனது. அதை நம்பிச் சரிவில் வீடுகள் எழும்பின. அக்காவின் வீடும் அதில் ஒன்று.

இம்முறை தங்கை நுண்ணோக்கியில் கண் பதித்து, பழைய படிகங்களை இடுக்கியால் பொறுக்கி விலக்கினாள். மிஞ்சிய புதுக் குழம்பின் கருந்துகளை மட்டும் அளந்தாள். அதிலிருந்த கதிரியக்க ஈயம், இருக்க வேண்டிய அளவைவிட அதிகமாக இருந்தது. சில பத்தாண்டுகளில் சிதைந்து குறைந்துவிடும் பொருள் அது. குறைய அதற்கு நேரமே கிடைக்கவில்லை. சென்ற முறை புதுக் குழம்பு வந்த சில ஆண்டுகளிலேயே மலை வெடித்திருக்கிறது. மலையோ போன வருடத்திலிருந்து புதுக் குழம்பு ஏறி மறுபடி உப்பிக்கொண்டிருந்தது.

துறைத்தலைவர் நல்ல மனிதர். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை அளந்துட்டுப் பேசலாம்மா. ஊரைக் கிளப்பிவிட்டு ஒண்ணும் நடக்கலைன்னா, அப்புறம் நம்ம பேச்சை நாய்கூட மதிக்காது."

"இன்னொரு தடவைன்னா மாசக்கணக்கா ஆகும் சார்."

அவர் கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார். தங்கை தாழ்வாரத்தில் நின்று ஒரு நொடி கண்மூடிக் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு போனில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"என்னடி, அதிசயமா வேலை நேரத்துல? நல்லாத்தான் இருக்கோம். குழாய்லயே தண்ணி வெதுவெதுன்னு வருது, கேஸ் மிச்சம். உங்க மாமா ரெண்டு வேளை குளிக்கிறார்னா பாத்துக்கோ!"

தங்கை வண்டிச் சாவியை எடுத்தாள்.

மதியம் சரிவுத் தெருவில் கந்தக வாடை லேசாக நின்றது. தங்கை சொன்னதையெல்லாம் அக்கா வாசலில் நின்றே கேட்டுக்கொண்டாள். "நீங்கதானே சொன்னீங்க, நம்ம காலத்துல ஒண்ணும் ஆகாதுன்னு?"

"தப்பா அளந்துட்டோம்க்கா."

அக்கா திட்டவில்லை. கணவரை மூட்டை கட்டச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். "பக்கத்து வீட்டுத் தபால்காரரால நடக்க முடியாது. எதிர் வீட்ல கைப்பிள்ளைக்காரி தனியா இருக்கா."

"அக்கா, வண்டி சின்னது."

"மடியில உக்காரட்டும்டி. நானென்ன, ஊர்வலமாவா போகச் சொல்றேன்?"

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தபால்காரரை இருவரும் தாங்கிவந்து கதவோரம் உட்கார வைத்தார்கள். தெருச் சரிவில் வண்டியின் இழுப்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டே வந்தது. அக்கா அதற்குள் அடுத்த வீட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். தங்கை கதவைப் பிடித்தபடி நின்றாள்.

தபால்காரர் நல்ல கையை நீட்டினார். "இதை நான் பாத்துக்கறேன். நீ அந்தப் பக்கம் போய்த் தட்டும்மா."

அவள் ஓடினாள். எஞ்சின் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் தரையோடு சேர்ந்து கதவு மெல்ல அதிர்ந்தது. அவர் பிடியை இறுக்கிக்கொண்டு, இன்னும் யாரும் வெளியே வராத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.