வேலிக்கு எந்தப் பக்கம்

கருத்தையாவைக் குளிப்பாட்ட வேட்டியை அவிழ்த்தபோதுதான் தாயத்து கண்ணில் பட்டது. அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த செம்புத் தாயத்து. இடி இறங்கிய சூட்டில் இடுப்புத் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர்ச் செம்பைப் பிடித்திருந்த சமுத்திரம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். சபையில் மூத்த ஆள். பிணத்துக்குப் பயப்படுகிறவன் இல்லை. "உபதேசியாரே, இங்க செத்த வாங்க" என்று கூப்பிட்டபோது அது அவன் குரலாகவே இல்லை.

தவசிமுத்து உபதேசியார் வந்து பார்த்தார். பார்த்ததும் அவர் மனதில் என்ன ஓடியது என்று சொன்னால் மனிதர்மேல் மரியாதை போய்விடும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

காலையிலிருந்து பட்ட பாடு அப்படி. சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், தாது வருஷப் பஞ்சத்தின்போது கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த சில குடும்பங்கள்தான் அந்தச் சபை. ஐப்பசி பிறந்தும் மழையில்லை, பருத்தி கருகிக்கொண்டிருந்தது. கேட்டால் ஆண்டவர் கொடுப்பார், வாருங்கள் என்று அவர்தான் எல்லோரையும் ஓலைக் கோயிலுக்குள் முழங்கால் போட வைத்தார். மழை வரத்தான் செய்தது. அதற்கு முன்னால் இடி வந்தது. கோயிலுக்குள்ளேயே, கண்ணை மூடி ஜெபத்தில் இருந்த கருத்தையாவின்மேல் இறங்கியது. இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

உபதேசியாரிடம் எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. மாடு செத்தால், ஓய்வுநாளில் ஏர் பூட்டினாய். கிணறு வற்றினால், பக்கத்துக்காரனைச் சபித்தாய். ஜனங்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே. இன்றைக்குத்தான் அவர் வாயில் ஒன்றும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற பாதிரி ஐயரைக் கேட்டு வர ஆள் அனுப்பலாம் என்றால் ஓடைகளில் வெள்ளம். அதுவரை பிணம் தாங்காது.

இப்போது காரணம் கிடைத்துவிட்டது. தாயத்துக் கட்டினான், தண்டனை வாங்கினான். கட்டாதவன் பயப்பட வேண்டியதில்லை. உபதேசியார் தன்னை அறியாமல் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளிய வச்சிருவோம்" என்றான் சமுத்திரம். "உள்ள வச்சா அடுத்தது யாரு தலையில எறங்குமோ."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வானம் இன்னும் மலைமேல் உறுமிக்கொண்டுதான் இருந்தது, அவனும் பிள்ளைகுட்டிக்காரன். கூடியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேலிக்கு வெளியே என்றால் என்ன அர்த்தம் என்று கருத்தையாவின் பெண்சாதி முத்தாத்தாளுக்குத் தெரியும். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது வேலிக்குள் கிடப்பவர்கள்தான் எழுந்திருப்பார்கள் என்று உபதேசியார் வாயாலேயே கேட்டிருக்கிறாள். அவள் எழுந்து ஆண்கள் நின்ற இடத்துக்கே வந்துவிட்டாள்.

"அத நாந்தான் கட்டுனேன். ஆடியில காய்ச்சல்ல பெனாத்திக்கிட்டுக் கெடந்தாக. ராசபாளையத்துல ஒருத்தர்ட்ட மந்திரிச்சு வாங்கியாந்தேன். எந்திரிச்சதும் அறுத்துப் போடுறேன்னாக. நாந்தான் அழுது தடுத்துட்டேன். எனக்காகத்தான் விட்டு வச்சாக."

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் வெறும் ஈரத்தரை, நடுவில் அவள் மட்டும். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. கால்களே பயந்து விலகின.

"அப்பொ ஒன்ன விட்டுட்டு அவன ஏன்..." சமுத்திரம் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அதத்தான் நானும் கேக்கேன். சொல்லுங்க உபதேசியாரே. என்ன ஏன் விட்டாரு?"

பதில் இல்லாமல் இல்லை, பழகின வாயல்லவா. பெண்சாதியைக் கண்டிக்காத புருஷன்மேல்தான் முதல் அடி விழும் என்று சொல்ல வாயைத் திறந்தார். மின்னலில் கோயில் முற்றமே வெள்ளையாகிப் போனது. மலை இரண்டாகப் பிளந்ததுபோல் இடித்தது. உபதேசியாரின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

இடி இடித்தால் இந்தப் பக்கத்து ஜனம் காதைப் பொத்திக்கொண்டு பாரதக் கதையில் வரும் வில்லாளியின் பெயரைக் கூவும். இடி விலகிப் போகுமாம். வேதத்துக்கு வந்த அன்றே விட வேண்டிய பெயர் அது. அப்படிக் கூவிய பிள்ளைகளை இதே உபதேசியார் புளிய விளாறால் விளாசியிருக்கிறார். இப்போது அவரே, சின்ன வயதில் அம்மா மடியில் முகம் புதைத்துக் கூவிய அதே குரலில், எல்லோர் காதிலும் விழ இரண்டு தரம் கூவிவிட்டார்.

அவரைச் சுற்றியும் இடம் காலியானது. அடுத்த இடி தனக்குத்தான் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவரைப் போலவே எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். இடியோ சேத்தூர்ப் பக்கமாக உருண்டு போய் அடங்கிவிட்டது.

கண்ணைத் திறந்தார். பிழைத்துக்கொண்டதில் சந்தோஷம் இல்லை, முன்னைவிடப் பயம் கூடியிருந்தது. அடித்திருந்தால்கூட இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று ஆகியிருக்கும். இத்தனை வருஷம் எந்த ஆண்டவரின் மனசை எடுத்து எடுத்து விளக்கிக்கொண்டிருந்தாரோ, அவரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "ஒன்ன ஏன் விட்டாரு, என்ன ஏன் விட்டாரு, ஒண்ணும் தெரியல."

"அப்பொ அவிய கடைசி நாள்ல எங்க இருப்பாக?"

"அதுவும் தெரியல."

காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

மண்வெட்டியை உபதேசியாரே எடுத்தார். அந்த வானத்தின் கீழ் இரும்பைக் கையில் வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அவருக்கும் இல்லைதான். வேலிக்கு உள்ளே போய் முதல் வெட்டு வெட்டினார். "தப்பாப் போயிருச்சுன்னா?" என்று வெளியில் நின்றே கேட்டான் சமுத்திரம். அவர் அடுத்த வெட்டு வெட்டினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சமுத்திரமும் உள்ளே வந்தான்.

குழி வெட்டி முடித்து, கருத்தையாவைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினார்கள். உபதேசியார் தலைப்பாகையை எடுத்துவிட்டு ஜெபத்துக்கு நின்றார். நீண்ட ஜெபத்துக்குப் பேர்போன மனிதர்.

"ஆண்டவரே, இவன உமக்குத் தெரியும்."

அதற்குமேல் வரவில்லை. முடிந்துவிட்டதா, ஆமென் சொல்லலாமா என்று தெரியாமல் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மழை வலுத்தது. குழிக்குள் தண்ணீர் ஊறி ஏறிக்கொண்டிருந்தது. முத்தாத்தாள் சேலைத் தலைப்பை விரித்துக் கருத்தையாவின் முகத்துக்கு மேலே பிடித்தபடி, உபதேசியாரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.