நாரை தெற்கே போனது

லோரீன் நோவோட்னிக்கு ஏரிக்கரைக் கேளிக்கைப் பூங்காவில் வேலை. அங்கிருந்த 'நாரை' என்ற ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவர்களைப் படுக்கவைத்து வார் பூட்டிவிடுவாள். நாரை மற்ற ரோலர் கோஸ்டர்களைப் போல உட்கார்ந்து போகிறது இல்லை. மல்லாந்து படுத்தபடி மேலே ஏற வேண்டும். கண்ணில் வானம் மட்டும்தான். உச்சியைத் தாண்டியதும் தண்டவாளம் புரண்டு ஆளைக் குப்புறக் கவிழ்க்கும். கீழே ஏரி விரியும். அப்புறம் பறப்புதான்.

தினமும் காலையில் கதவு திறக்குமுன் மெக்கானிக் வெர்னும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து ஒரு சுற்று போய்ப் பார்ப்பார்கள். கீழே இருக்கும்போது ஸ்பேனரைத் தவிர எதைப் பற்றியும் வாய் திறக்காத வெர்ன், அந்த ஏற்றத்தில் மட்டும் பேசுவான். அவன் அம்மாவின் சாவைக்கூட அங்கேதான் சொன்னான். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு இலையுதிர் காலத்தில், பூங்காவை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நாரையைப் பிரித்து, தெற்கே சின்சினாட்டி நகரத்துப் பக்கம் இருக்கும் பெரிய பூங்காவில் மறுபடி எழுப்பப்போகிறார்களாம். வெர்னும் கூடவே போக வேண்டும். பிரிப்பதற்கு முன் கடைசியாக ஓட்டிப் பார்த்தபோது, வானத்தைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

"நீயும் எங்கூட வந்துடேன், லோரீன்."

பதில் சொல்ல உச்சி வரைக்கும் நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை. தண்டவாளம் புரண்டது, ஏரி வந்தது. இறங்கி வாரை அவிழ்க்கும்போது, "வசந்தம் வரட்டும், பாக்கலாம்" என்றாள்.

பூங்காவை யாராவது வாங்கி மறுபடி திறப்பார்கள் என்று ஊரே நம்பியது. அவளும் நம்பினாள். லாரிகள் நீலத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக ஏற்றிப் போனபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். வசந்தம் வந்தது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விட்டாள். வெர்ன் முதலில் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்தான். நாரைக்குச் சிவப்பு அடித்து, 'சூறாவளி' என்று பெயர் மாற்றிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான். பிறகு பண்டிகைக்கு மட்டும் கூப்பிட்டான். பெக் என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டதாக ஒரு கிறிஸ்துமஸின்போது சொன்னான். நல்லது என்றாள். நிஜமாகவே நல்லது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் அடுப்பில் வெந்துகொண்டிருந்த பியரோகிக் கொழுக்கட்டை கூழாகும்வரை அதன் முன்னாலேயே நின்றிருந்தாள்.

ஏரிக்கரைப் பூங்காவை யாரும் திறக்கவில்லை. ஜனங்கள் வரிசையில் நின்ற இடத்தில் மரம் முளைத்தது.

பல வருஷம் கழித்து, சூறாவளியையும் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. லோரீன் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போனாள். நரைத்த தாடியோடு பூங்கா வாசலில் நின்றான் வெர்ன்.

"வசந்தம் வந்துடுச்சு போல," என்றான்.

"வழியில டிராஃபிக்," என்றாள்.

இருவரும் ஜனங்களோடு வரிசையில் நின்று ஏறினார்கள். அங்கே வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் வந்து வார் பூட்டினாள். லோரீனின் கை தன்னையறியாமல் அதை இழுத்துச் சரிபார்த்தது. சங்கிலி கடகடவென்று இழுத்தது. மேலே வெறும் வானம்.

"அன்னைக்கே சரின்னு சொல்லியிருக்கணும், வெர்ன்."

உச்சி நெருங்கியது.

"நானும் ஒரே ஒரு தடவதான் கேட்டேன்," என்றான். "இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்."

தண்டவாளம் புரண்டது. அவள் கண்கள் ஏரியைத் தேடின. வெயிலில் மினுங்கும் கார்களும், அதற்கப்பால் சோளக்காடும்தான் இருந்தன.

இறங்கியதும் வெர்ன் சொன்னான்: "ஏரி இல்லாம எனக்கும் பழகறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு."

மத்தியானம் பெக் மூவருக்கும் ஸ்பகெட்டியின் மேல் சில்லி என்கிற கொத்துக்கறிக் குழம்பை ஊற்றிப் பரிமாறினாள். வெர்ன் ராத்திரியில் தூக்கத்தில்கூட நட்டு முடுக்குகிறான் என்று கேலி செய்தாள். லோரீனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் வெர்ன் போன் செய்தான்.

"இந்தத் தடவ எங்கயும் கொண்டு போகல. வெட்டி இரும்புக் கடைக்கு அனுப்பிட்டாங்க."

"நீ பாத்தியா?"

"கடைசி வரைக்கும் நின்னேன்."

பின்னால் பெக் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. "போ, ஆறிடும்," என்றாள் லோரீன். அவன் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவளே வைத்தாள்.