பல்செட்டின் வாக்குமூலம்

நமச்சிவாயத்துக்கு வந்த சம்மனுக்கு முதலில் கோர்ட்டுக்கு வந்தது அவர் வீட்டு ஃப்ரிட்ஜ். கன்னடியன் கால்வாய்க் கரையோரமாகத் தானே நடந்து வந்து, வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே ஊசிப்போன சாம்பார். இசக்கியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவள் புருசன் சுடலைக்கண்ணு, நமச்சிவாயத்தின் ரைஸ்மில்லில் பெல்ட் அறுந்து அடித்துச் செத்தவன். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாகியும் வருசக்கணக்காகச் சல்லிக்காசு வரவில்லை. சொத்து விவரத்தை நேரில் வந்து சொல்லும்படி கோர்ட்டு அமீனா கொண்டுபோன சம்மனில் நமச்சிவாயம் உளுந்தவடையை வைத்து எண்ணெயைப் பிழிந்தார். "எனக்குன்னு என்ன வே இருக்கு? எல்லாம் என் பெஞ்சாதி பேருல கெடக்கு" என்றார்.

அவர் வராத வாய்தாவுக்கெல்லாம் அவருடைய சாமான்கள் வந்தன. ஊஞ்சல் வந்தது, கார் வந்தது, நெல் மூட்டைகள் வரிசையாக வந்து வராந்தாவில் உட்கார்ந்தன. யாரும் வாயைப் பிளக்கவில்லை. குமாஸ்தாக்கள் ஃப்ரிட்ஜில் மோர் வைத்துக் குடித்தார்கள். இசக்கியம்மாவின் வக்கீலே ஊஞ்சலில் படுத்துக் குறட்டை விட்டார். "சீ! ஒங்களுக்கு அந்தாளே தேவல" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். சாமான்களுக்கு வாய் கிடையாது, அவை யாருடையவை என்று சொல்ல ஆள் வேண்டும் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். கடைசியில் ஜட்ஜ் பிடிவாரண்டு போட்டார். நமச்சிவாயம் டவுணில் அல்வா தின்றுகொண்டிருந்தபோதே, ஆள் அகப்படவில்லை என்று வாரண்டு திரும்பி வந்தது.

அடுத்த வாய்தாவுக்கு அவருடைய பல்செட் வந்தது. வெற்றிலைக் காவி ஏறி, இடுக்கெல்லாம் அல்வா ஒட்டியிருந்தது. டவாலி மூன்று தரம் பேரைக் கூப்பிட்டதும் கூண்டிலேறிச் சத்தியம் செய்து, அவர் குரலிலேயே சொல்லத் தொடங்கியது. சாத்தான்குளத்துத் தோட்டம், வாடகைக்கு விட்ட கடைகள், மச்சினன் பேரில் ஓடும் லாரி. கொஞ்சம் பைய சொல்லும்படி டைப்பிஸ்ட் கேட்டாள், அவ்வளவுதான். ஜப்திக்கு உத்தரவாயிற்று.

இறங்கச் சொன்ன பிறகும் பல்செட் இறங்கவில்லை. "பெல்ட்டு நைஞ்சு கெடக்குன்னு சுடலைக்கண்ணு வந்து வந்து சொன்னான் ஐயா. தீவாளி முடியட்டும்லேன்னு நாந்தான் வெரட்டிவிட்டேன்" என்றது.

இது பணம் வசூலிக்கிற மனு, அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்றார் ஜட்ஜ். டைப்பிஸ்ட் அந்த வரியை அடிக்கவில்லை.

இசக்கியம்மா வெளியே ஓடி, குழாயடியில் வாந்தியெடுத்தாள். பின்னாலேயே அமீனா பல்செட்டை ஒரு டம்ளரில் ஏந்திக்கொண்டு வந்தார். இருட்டுவதற்குள் அதை நமச்சிவாயம் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, அவர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொள்ளட்டும் என்று குழாயை விட்டு நகர்ந்து நின்றாள்.